தொரைக்கு விட்ட கண் மருந்து

மலைநாட்டுக்கு நியமனம் கிடைத்து, புதுச் சப்பாத்தும் பெரிய நம்பிக்கையுமாக வந்து இறங்கியிருக்கும் இளம் கால்நடை வைத்தியர்களே, உங்களிடம் மாட்டைப் பற்றித்தான் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தலவாக்கலைப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் நான் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே என் மேசைக்கு வந்தது ஒரு கினிப்பன்றி, வாலில்லாத பெரிய எலிபோல ஒரு வளர்ப்புப் பிராணி. நாங்கள் படித்த காலத்தில் அதைப் பற்றி அரைப் பக்கம் படித்திருப்போம். அந்த அரைப் பக்கமும் எனக்கு மறந்துபோயிருந்தது.

கொண்டுவந்தவர் என்னைப்போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு கணக்கு வாத்தியார். "டொக்டர், இதின்ரை கண்ணிலையிருந்து பால் வடியுது. குருடாப் போகப்போகுது," என்று பதறினார். பார்த்தேன். உண்மையாகவே வெள்ளையாக ஏதோ கசிந்தது. ஒன்றும் தெரியாதபோது வைத்தியர் செய்யக்கூடிய ஒரே காரியம் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான். நான் அதைச் செய்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிராணி முன்னங்கால் இரண்டையும் தூக்கி, அந்தப் பாலைத் தொட்டு முகம் முழுக்கத் தேய்த்து, காதுக்குப் பின்னால் வரை துடைத்துக்கொண்டது. "வாத்தியார், அது முகம் கழுவுது," என்றேன். வாத்தியாருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காயத்தைப் படிக்கும் முன் சுகமான கண்ணைப் படியுங்கள். முகம் கழுவும் பால் வந்த கையோடு போய்விடும், கண் அகலத் திறந்து பளபளவென்றிருக்கும். காயம்பட்ட கண் அப்படித் திறக்காது. பாதி மூடிக்கொண்டு, ஈரமாக, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைவிட முக்கியமான ஒன்று, அந்தப் பிராணி தின்பதை நிறுத்திவிடும். கினிப்பன்றியைக் கொல்வது பெரும்பாலும் கண் காயம் அல்ல, அந்த வலியில் அது கிடக்கும் பட்டினி. இவ்வளவையும் சொன்னால் ஒரு பாடம் முடிந்துவிடும். ஆனால் நான் சொல்ல வந்தது தொரையைப் பற்றி.

அது பத்து வருடங்கள் கழித்து. வாடிக்கையாக மாட்டுக்காரர்கள் நிறையும் ஒரு காலைநேரம். மழை பெய்துகொண்டிருந்தது. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து செவனம்மா என்ற பெண் பஸ்ஸில் வந்திறங்கி, ஒரு காட்போட் பெட்டியைப் பிள்ளையைப்போல நெஞ்சோடு அணைத்தபடி வரிசையில் நின்றார். தேயிலைக் கொழுந்து எடுப்பவர், அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்த ஒருவர், "எலிக்கும் டோக்கனா?" என்று சிரித்தார். "இஞ்சை எலிக்கும் மாட்டுக்கும் ஒரே வரிசைதான். உங்களுக்கு அவசரமெண்டால் மாட்டைச் சிரிக்கச் சொல்லுங்கோ," என்றேன். எனக்குக் காலையில் பொறுமை குறைவு. மாலையிலும் அப்படித்தான்.

தொரை என்பது அந்தக் கினிப்பன்றியின் பெயர். தோட்டத்துத் துரையின் பங்களாவில் இருந்த ஒரு குடும்பம் மாற்றலாகிப் போனபோது அதை விட்டுப்போனதாம். வேலை எதுவும் செய்யாமல் உட்கார்ந்த இடத்தில் இருந்து விசிலடிக்கும், விசில் கேட்டதும் யாராவது ஓடிப்போய் இலை தழை கொண்டுவந்து கொடுக்கவேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சனம் அதற்கு வேறு என்ன பெயர் வைக்கும்?

"தொரை நேத்தையில இருந்து ஒண்ணும் திங்கலைங்க டொக்டரம்மா. விசிலும் அடிக்கல," என்றார் செவனம்மா.

பெட்டிக்குள் தொரை முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் ஒட்டியிருந்தது. இடது கண் பாதி மூடியிருந்தது. திறந்து பார்த்தால் கருமணியின் மேல் நீலம் கலந்த வெள்ளையாகப் புகை படர்ந்திருந்தது. யன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கினேன். கண் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு சிநேகிதி கொடுத்திருந்த, காயத்தில் மட்டும் பிடிக்கும் சாயம் பூசிய தாளை நனைத்து ஒரு சொட்டு விட்டு, டோர்ச்சை அடித்தேன். காயம் இருந்த இடம் பச்சையாக ஒளிர்ந்தது. மேல் இமையை ஈரப்பஞ்சால் உருட்டிப் புரட்டினேன். உள்ளே ஒரு புல்லின் கூர்முனை ஒளிந்திருந்தது. மானாப்புல். தேயிலையின் அடியில் மண் காயாமல் மூடாக்குப் போட வெட்டுகிற அந்தப் புல்லைக் காயவைத்துத் தொரைக்குப் படுக்கை போட்டிருக்கிறார்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

அந்த முனையை எடுத்ததும் எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. புல் கீறிய காயம் ஒரு கோடாக இருக்கும், ஓரம் தெளிவாக இருக்கும். இது அகன்று, ஓரம் குழைந்து, கரைவதுபோல இருந்தது. புல் மட்டும் இப்படிச் செய்யாது. யாரோ எதையோ விட்டிருக்கிறார்கள்.

"என்னம்மா கண்ணுக்கு விட்டனீங்கள்?"

"ஒண்ணும் விடலைங்க."

"எண்ணெய்? முலைப்பால்? ஏதும் பூச்சாறு?"

"இல்லைங்க. ஒண்ணுமே விடலைங்க."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். எங்களிடம் பொய் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. நாங்கள் ஏசுவோம் என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். நான் அந்தப் பகுதியில் பேர்போன ஏசுகாரி. அதே கேள்வியை இன்னும் கொஞ்சம் உரத்துக் கேட்டிருந்தால் அதே பதிலை இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருப்பார். எனக்கு லயம் தெரியும், சுவரோடு சுவர் ஒட்டிய ஒற்றை அறை வீடுகளின் வரிசை. ஒரு காம்பராவில் அடுப்பு அணைந்தால் அடுத்த காம்பராவிலிருந்து நெருப்பு வரும், உப்பு வரும், கோபம் வந்தால் சமாதானம் சொல்லவும் ஆள் வரும். அங்கே ஒருவருடைய கஷ்டம் அவருடையதாக மட்டும் இருப்பதில்லை. ஆகவே கேள்வியை மாற்றினேன்.

"சரி. இதுக்கு ஆர் ஆர் உதவி செய்தவை?"

செவனம்மாவின் முகம் இளகிவிட்டது. "எல்லாருந்தாங்க. பக்கத்து காம்பரா அக்கா பாலு போடாத தேயிலச் சாயத்தண்ணி ஆற வச்சுக் குடுத்தாங்க, அதுலதான் தொடச்சோம். மொதல்ல வெள்ளையா வந்தப்ப, அது மூஞ்சி கழுவுற பாலுதான்னு நெனச்சு விட்டுட்டோம். அப்புறம் கண்ண தொறக்காம போகவும் எங்க வீட்டுக்காரருதாங்க அவரோட மருந்துல இருந்து சொட்டுச் சொட்டா விட்டாரு. நல்ல மருந்துங்க. நுவரெலியா பெரியாஸ்பத்திரியில குடுத்தது."

மடியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து நீட்டினார். வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். கண்ணில் வெண்படலம் எடுத்தவர்களுக்கு, உள்ளே வீக்கம் வராமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீரொய்ட் சொட்டு. மனிதருக்கு அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் அது காவல். மேற்பரப்பு கிழிந்த கண்ணுக்கு அதுவே எதிரி. புண்ணை ஆற விடாது, கிருமிக்குக் கதவைத் திறந்துவிடும். தொரையின் கண் ஏன் கரைகிறது என்பது விளங்கிவிட்டது.

விளங்கிய அதே நொடியில் இன்னொன்றும் விளங்கியது. குப்பி வெறுமையாக இருந்தது.

"அம்மா, ஐயாவுக்கு எப்ப ஒப்பரேசன் செய்தவை?"

"போன மாசங்க. ரொம்ப நல்லா தெரிஞ்சுச்சுங்க."

"அப்ப இந்த மருந்து அவருக்கு இன்னும் விடவேணுமெல்லோ?"

"மொதல்ல ரெண்டு கண்ணுக்குந்தாங்க விட்டாரு, அப்புடி விட்டா எத்தன நாளைக்குக் காணும்? எனக்குத்தான் தெரியுதே, இனி எனக்கெதுக்கு, தொரைக்கே விடுறேன்னுட்டாரு."

"இப்ப அவரின்ரை கண் எப்பிடி?"

"நேத்தையில இருந்து செவந்திருக்குங்க. வெளிச்சம் பட்டா வலிக்குதுங்கறாரு. தூசியா இருக்கும்னு..."

"மற்றக் கண்?"

"அது வாலிபத்துலயே போயிருச்சுங்க. இந்த ஒரு கண்ணுதாங்க அவருக்கு."

மேசையில் ஒரு நோயாளி. மேசைக்கு வராத ஒரு நோயாளி மலைக்கு அந்தப் பக்கம் இருட்டறையில். வெளியே, கன்று போட்ட மாடு எழும்பவில்லை என்று கொத்மலையிலிருந்து ஒருவர் காத்திருந்தார். மனிதருக்கு வைத்தியம் செய்ய எங்களுக்கு அனுமதி இல்லை, அது சரியான சட்டம். ஆனால் ஒரே குப்பியின் வாய் விலங்கின் புண்ணிலும் மனிதனின் வெட்டிய கண்ணிலும் மாறி மாறிப் பட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கோ" என்று அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு என்பது பிந்தியதாக இருக்கலாம். மாட்டுக்குக் கல்சியம் ஏற்ற என் உதவி உத்தியோகத்தரை அனுப்பினேன். அவர் அதில் என்னைவிடக் கெட்டிக்காரர். தொரைக்குக் கிருமி கொல்லும் சொட்டை விட்டு, செவனம்மாவையும் பெட்டியையும் ஜீப்பில் ஏற்றினேன். வழி முழுக்க அந்த மனிதரை எப்படி ஏசுவது என்று சொல் அடுக்கிக்கொண்டே போனேன்.

செவனம்மாவின் கணவர் வேலாயுதம் தங்கள் காம்பராவின் உட்புறம், யன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு, கண்ணில் துவாயை வைத்து அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தொரை தின்னுச்சா?"

"உங்கட கண்ணைக் காட்டுங்கோ ஐயா," என்றேன்.

"நீங்க மாட்டு டொக்டருங்களே."

"மாட்டுக்கும் கண் இருக்கு. காட்டுங்கோ."

இரத்தச் சிவப்பு. கண்ணீர் ஓடியது. வாசல் வெளிச்சத்தில் என் கையை நீட்டினேன். ஏதோ அசைகிறது என்றார், விரலை எண்ண முடியவில்லை. "முந்தாநாத்து வரைக்கும் எதிர் மலையில கொழுந்து எடுக்கிற ஆளுங்கள எண்ணிக்கிட்டு இருந்தேங்க," என்றார், ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் சொல்வதுபோல.

அடுக்கி வைத்திருந்த ஏச்சைத் தொடங்கினேன். "உங்களுக்குத் தந்த மருந்தை ஏன் ஐயா இதுக்கு விட்டனீங்கள்?"

அவர் துவாயை மடியில் வைத்தார். பிறகு, போய்விட்ட கண்ணைத் தொட்டுக் காட்டினார். "கவ்வாத்து வெட்டயில ஒரு வாது தெறிச்சு இங்க குத்திருச்சுங்க. மறுநாளும் விடியல்ல பெரட்டுக்குப் போயி பேரு குடுக்கணுமே, துணியக் கட்டிக்கிட்டுப் போயிட்டேன். எனக்கு அப்ப யாரும் ஒரு சொட்டு மருந்து விடலைங்க. இதுக்கும் குத்துதானுங்களே. கையில மருந்த வச்சுக்கிட்டு எப்புடிங்க பாத்துக்கிட்டு இருக்கிறது?"

தேயிலைச் செடியைக் கட்டையாகக் கவ்வாத்து வெட்டும்போது தெறிக்கும் கிளை எத்தனை பேரின் கண்ணைக் கொண்டுபோயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வலியை இத்தனை வருடம் வைத்திருந்து, ஒரு கினிப்பன்றியின் கண்ணில் அதை அடையாளம் கண்ட மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. ஏச்சு வரவில்லை.

நுவரெலியாவுக்குப் போகலாம் என்றதும் மறுத்தார். தொரை தின்னாமல் தான் எங்கும் வரப்போவதில்லை என்றார். கொஞ்சம் வற்புறுத்தியதும் மற்றக் காரணமும் வெளியே வந்தது. "மருந்த மிருகத்துக்கு விட்டேன்னு சொன்னா நர்ஸ் மிஸ்ஸிமாரு ஏசுவாங்களே."

"சொல்லத்தான் வேணும். சொல்லாட்டி அவைக்கு என்ன கிருமி எண்டு தெரியாது. ஏசினால் நான் பக்கத்திலை நிப்பன். இஞ்சை பாருங்கோ ஐயா, இண்டைக்கே நீங்கள் ஆஸ்பத்திரி வாட்டிலை படுத்தால் தொரையை என்ரை வீட்டிலை வைச்சு நான் சாப்பாடு தீத்துவன். நீங்கள் வராட்டி, இதை இஞ்சையே வைச்சிட்டு நான் மாடு பாக்கப் போறன்."

அது வெறும் மிரட்டல். விட்டுவிட்டுப் போயிருக்கமாட்டேன். ஆனால் அவர் நம்பினார். மாற்றுச் சட்டையை எடுத்துத் தரச் செவனம்மாவிடம் சொன்னார்.

நுவரெலியா வரை தொரை அவர் மடியில், கம்பளிக்குள் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அதை என்னிடம் தந்து, "போயிட்டு வாரேன் தொரை. டொக்டரம்மா சொல்றபடி கேளு," என்றார். கண் டொக்டர் ஓர் இளம் சிங்களப் பெண். நான் நடந்த முழுவதையும் சிங்களத்தில் சொல்லி, வெறும் குப்பியை மேசையில் வைத்தேன். யாரும் ஏசவில்லை. அவர் உடனே வேலாயுதத்தை உள்ளே அனுப்பிவிட்டு, திரும்பி என்னிடம், "கினிப்பன்றிக்கு இப்போது யார் மருந்து விடுகிறார்கள்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணைக் காப்பாற்ற முடியும் என்று அவர் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

இனித் தொரை. கண்டியிலிருந்த ஒரு சகபாடியிடம் தொலைபேசியில் கேட்டேன். "கண்ணை எடுத்துவிடு, இழுத்தடிக்காதே," என்றார். அது தவறான யோசனை அல்ல. கண்ணைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட விலங்குகளை அவரும் கண்டிருக்கிறார், நானும் கண்டிருக்கிறேன். ஆனால் தின்னாமல் சோர்ந்த ஒரு கினிப்பன்றியை மயக்கினால் அது எழும்புமா என்பது எனக்குச் சந்தேகம். காயம் இன்னும் துளைக்கவில்லை. முதலில் தின்னட்டும், கண்ணை எடுப்பதைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன். இப்படியான நேரத்தில் எது முதலில் கொல்லும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கண் காத்திருக்கும், வயிறு காத்திருக்காது. இன்னொன்றையும் மறக்காதீர்கள். அவசரத்தில் அலுமாரியில் கிடக்கும் பென்சிலின் வகை மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றிவிடாதீர்கள். மாட்டைக் காப்பாற்றும் அந்த மருந்து கினிப்பன்றியின் குடலைக் கெடுத்து அதைக் கொன்றுவிடும்.

புல்லை அரைத்து, கொய்யாப்பழத்தை மசித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரத்தில் விட்டேன். அது துப்பியது. நான் மறுபடி விட்டேன். நாங்கள் இரண்டு பேரும் பிடிவாதக்காரர். வலிக்கு மருந்து, கண்ணுக்குச் சொட்டு, மெதுவான துணிப் படுக்கை, எல்லாம் இருந்தும் தொரை மூலையை விட்டு அசையவில்லை. கணவரைப் பார்த்துவிட்டு வரும் வழியில் செவனம்மா என் வீட்டுக்கு வந்தார். நிலைமையைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பையைத் திறந்து வேலாயுதம் தோளில் போடும், கண்ணில் படாத துவாயை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். "தோய்க்கலாம்னு எடுத்தாந்தேன். இங்கயே கெடக்கட்டும்," என்றார். தொரை அதை முகர்ந்தது. மெல்ல அதற்குள் நுழைந்து மறைந்தது. நாங்கள் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள், நான் போட்டிருந்த கொத்தமல்லித் தண்டு ஒன்று துவாய்க்குள் இழுபட்டுப் போனது. செவனம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு பச்சைச் சாயம் பிடிக்கும் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. விசில் திரும்பியது. என் வீட்டில் எனக்கு மேல் ஒரு தொரை இருந்தார். ஆனால் புண் ஆறிய இடத்தில், கருமணியின் நடுவில், கடுகளவில் ஒரு வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது. அது போகாது என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்ணால் தொரைக்கு நேராகத் தெரிவது கொஞ்சம்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும் செய்திதான் என்னைத் தூங்கவிடவில்லை. கிருமி அடங்கிவிட்டது, வலி குறைந்துவிட்டது என்றார் செவனம்மா. ஆனால், "பார்வை எப்பிடி?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். "எல்லாம் பொகையாத்தான் தெரியுதுங்கறாரு. இன்னும் தெளியலாமாம், இப்புடியே நின்னாலும் நிக்கலாமாம்." ஏற்கெனவே இருட்டோடு போராடிக்கொண்டிருக்கும் மனிதரிடம், நீங்கள் உங்கள் மருந்தைக் கொடுத்துக் காப்பாற்ற நினைத்த கண்ணில் தழும்பு விழுந்துவிட்டது, அந்த மருந்தாலும்தான் விழுந்தது என்று எப்படிச் சொல்வது? அவருக்குத் தெரியாவிட்டால் சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு விலங்குக்கும் அதையே செய்வார். நோகாமல் சொல்லக்கூடிய நாலு வார்த்தையைத் தேடி, மாட்டுத் தொழுவங்களில் நின்று தனியே பேசிப் பார்த்தேன்.

அவர்கள் வந்த அன்று மழை விட்டிருந்தது. வேலாயுதம் கறுப்புக் கண்ணாடி போட்டு, செவனம்மாவின் தோளைப் பிடித்தபடி என் வீட்டுப் படியேறினார். விசில் சத்தம் உள்ளேயிருந்து கேட்டதும் அவர் முகமெல்லாம் சிரிப்பு. நான் தொரையைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியவர், பாதியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார். குனிந்தார். ஒரு முழத் தூரத்தில் தொரையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னங்க டொக்டரம்மா," என்றார், "இந்தக் கண்ணுல நடுவுல கடுகாட்டம் வெள்ளையா ஒண்ணு இருக்கு?"

செவனம்மா வாயைப் பொத்திக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தேடி வைத்திருந்த நாலு வார்த்தையில் ஒன்றுகூட எனக்கு நினைவு வரவில்லை.

"ஓம் ஐயா," என்றேன். "வெள்ளையா ஒண்டு இருக்கு."